செஞ்சியில் பிறந்த மொறம்

1

மொறம் போய் இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. மனிதராயிருந்தால் முப்பதாம் நாள் பூசை வைத்திருப்பேன். போன வருஷம் என் நைனாவுக்கு அப்படித்தான் வைத்தேன். இங்கத்திய சாமியாருக்குச் சின்னப்பன் என்ற அவர் பெயர் வாயில் நுழையவில்லை. "போல் என்றே சொல்லுங்கள் சாமி, இரண்டும் ஒரே அர்ச்சிஷ்டவருடைய பெயர்தான்" என்றேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அப்படியே சொல்லிப் பூசை வைத்தார். நாய்க்குப் பூசை கேட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க முடியாது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். அவனை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள்.

நான் இருப்பது பிரான்ஸில் தார்ப் என்கிற ஊர். தெற்குக் கோடி. சன்னலைத் திறந்தால் எதிரே மலை. வருஷத்தில் பாதி நாள் அதன்மேல் பனி. செஞ்சியிலும் சன்னலைத் திறந்தால் மலைதான், ஆனால் அந்தப் பாறைகளின் சூடு பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் அந்துவான், புதுச்சேரிக்காரர், இங்கே பட்டாளத்தில் இருக்கிறார். மகன் போலுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. காலையில் அவர் முகாமுக்குப் போவார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவான், நானும் மொறமும் ஆற்றங்கரையில் நடப்போம். போன மாதம்வரை என் நாள் இப்படித்தான் தொடங்கியது.

2

மொறத்தின் அப்பனும் ஆத்தாளும் செஞ்சிக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

நைனா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு நீதிபதிக்குக் கார் ஓட்டினார். வெள்ளைக்காரர்கள் கடைசியாக மூட்டை கட்டிய வருஷம் நீதிபதியும் கிளம்பினார். காரை யாருக்கோ விற்றார். நாய்கள் இரண்டையும் நைனா கையில் கொடுத்தார். பாஸே என்று அந்த இனத்துக்குப் பெயர். உடம்பு நீளம், கால் குட்டை, தரையைத் தொடும் காது, எப்போதும் அழுது முடித்தது போன்ற கண். ஆண் நாய் பிஜூ, பெண் நாய் மிஞோன்.

பஸ்ஸில் ஏற்றவில்லை. "நாய் ஏத்தற வண்டி இல்லப்பா இது" என்று கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நைனா தெரிந்த அரிசி மண்டி லாரியைப் பிடித்து, வெறும் கோணிகளின்மேல் இரண்டையும் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். லாரி எங்கள் தெருவில் நின்றபோது சின்னக் கூட்டமே கூடிவிட்டது.

"இன்னா சின்னப்பா, பன்னியா நாயா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"நாயிதான். ஜட்ஜ் ஊட்டு நாயி."

"ஜட்ஜ் ஊட்டு நாயிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ துக்கம்?"

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலை போய், கையில் இரண்டு நாயோடு திரும்பிய புருஷனுக்கு அன்றைக்குச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

முதல் மாதம் பெரிய குழப்பம். நாய்களுக்குப் பிரெஞ்சுதான் தெரியும். பிரெஞ்சில் 'வா' என்றால் போ என்று அர்த்தம். அம்மா கூழ்ச்சட்டியை வைத்துவிட்டு "வா, வா" என்று கூப்பிடுவாள். அதுகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விடும். "இதுங்களுக்கு என் மூஞ்சே புடிக்கல" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். நைனா விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் பிஜூ பீசு ஆனான், மிஞோன் மின்னு ஆனாள்.

3

பாஸே நாயோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. கூழ் குடிக்கும்போது காது இரண்டும் சட்டிக்குள் விழும். பிறகு அந்தக் காதோடு வீடெல்லாம் சுற்றும். தங்கை ரெஜினாவின் பள்ளிக்கூட ரிப்பனை எடுத்து அம்மா இரண்டு காதையும் உச்சந்தலையில் சேர்த்துக் கட்டிவிடுவாள். கொண்டை போட்ட மாதிரி உட்கார்ந்து இரண்டும் கூழ் குடிக்கும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருப்பக்கம் வந்தால் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

மத்தியானம் மாதா கோயில் மணி அடித்தால் இரண்டும் மூக்கைத் தூக்கி ஊளையிடும். கோயில்பிள்ளை சண்டைக்கு வந்தார். கொஞ்ச நாளில், "இந்த ஊர்ல என் மணிக்கு பதில் குடுக்கறது இதுங்க ரெண்டுதான்" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். கோட்டைக் குரங்கு ஒன்று பீசுவின் காதைப் பிடித்து இழுத்து விளையாடும். அவன் அதையும் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பான். யாரையும் கடிக்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றியதில்லை.

வெயில்தான் அதுகளை வாட்டியது. நைனா கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி, கோணியை நனைத்துப் போட்டு, அதன்மேல் படுக்கவைப்பார். "எனக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்தாத மனுசன்" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனால் நைனா லாரிக்குப் போன நாளில் அவளே சேந்தி ஊற்றுவாள். புதுச்சேரியில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கார் ஓட்டிய மனிதர், செஞ்சியில் மண்டி லாரிக்கு மாற்று டிரைவர். கூப்பிட்டால்தான் வேலை. மாலையில் வந்து உட்கார்ந்து நாய்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்வார். அதுகள் வாலை ஆட்டும். அந்தச் சமயத்தில் மட்டும் அவருக்கு முதுகு நிமிர்ந்திருக்கும்.

கத்தரி வெயிலில் மின்னு ஐந்து குட்டி போட்டாள். நாலு குட்டி ஒவ்வொன்றாகச் சுருண்டு போயிற்று. கடைசிக் குட்டியை அம்மா தூக்கிப்போய், தண்ணீர்ப் பானைக்குக் கீழே இருக்கும் ஈர மணலில் கிடத்தினாள். அது பிழைத்தது. உடம்பைவிடக் காது பெரிதாக, முறம் மாதிரி இருந்ததால் அம்மா அதற்கு மொறம் என்று பெயர் வைத்தாள்.

4

அந்த வருஷமே பக்கத்துக் கிராமத்தில் வெறிநாய் கடித்து ஒருவர் செத்தார். கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாயையெல்லாம் கொல்ல உத்தரவு வந்தது. நைனா வில்லை வாங்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"இன்னா ஜாதி நாயி?" என்று குமாஸ்தா கேட்டார்.

"பாஸே சார்."

"அப்டின்னா?"

"பிரெஞ்சு நாயி சார். ரெண்டு பெருசு, ஒரு குட்டி."

"நாட்டு நாயின்னா இப்பவே எழுதிக் குடுத்துருவேன். சீமை நாயின்னா மாட்டாஸ்பத்திரி டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்."

"அப்ப நாட்டு நாயின்னே எழுதிக்குங்க சார்."

"இப்பதான பிரெஞ்சு நாயின்ன? நான் பொய் எழுத முடியுமா?"

மாட்டு டாக்டர் திண்டிவனம் போயிருந்தார். திங்கட்கிழமை வருவார் என்றார்கள். நாய் அடிக்கும் ஆள்கள் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு நைனா லாரியில் போயிருந்தார். தெரு நாய்கள் ஆள்களைத் தூரத்தில் கண்டதும் கோட்டைப் பாறைகள்மேல் ஏறி மறைந்தன. மின்னு குட்டியோடு உள்ளே கிடந்தாள். பீசு வாசலில் படுத்திருந்தான். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். மெதுவாக எழுந்து, காது தரையில் புரள, வாலை ஆட்டிக்கொண்டு அவர்களிடம் போனான். சுருக்குக் கம்பியை அவர்கள் வீசக்கூட வேண்டியிருக்கவில்லை. ரெஜினா அலறிக்கொண்டு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன். அதற்குள் தடியால் அடித்துவிட்டார்கள்.

"இது ஊட்டு நாயிய்யா, யாரையும் ஒன்னும் செய்யாதுய்யா" என்று அம்மா சொல்லிக்கொண்டே நின்றாள்.

"கழுத்துல வில்லை இல்லம்மா" என்றான் ஒருவன். குரலில் கோபம்கூட இல்லை. "எங்களுக்கு சொன்னது அவ்ளோதான்."

நைனா வந்தபோது கோணி போர்த்தி வைத்திருந்தோம். கோணியை விலக்கிப் பார்த்தார். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கொல்லையில் குழி வெட்டினார். திங்கட்கிழமை போய் டாக்டரிடம் மிச்சம் இரண்டுக்கும் சர்ட்டிபிகேட் வாங்கி, வில்லை வாங்கி, கழுத்தில் கட்டினார். அதற்குப் பிறகு அவர் நாய்களோடு பிரெஞ்சு பேசி நான் கேட்டதில்லை.

5

மறுவருஷம் எனக்குக் கல்யாணம். அந்துவானின் மாமா நைனாவோடு கார் ஓட்டியவர், அந்த வழியில் வந்த சம்பந்தம். பிரான்ஸுக்குப் போகவேண்டும் என்றார்கள். போவதற்கு முதல் வாரம் நைனா மொறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மருமகன் முன்னால் நின்றார்.

"இதையும் கூட்டிட்டுப் போங்க மாப்ள."

"கப்பல்ல ரொம்பக் கஷ்டம் மாமா" என்றார் இவர்.

"தெரியும். இங்க இருந்தாலும் கஷ்டம்தான். அவங்க ஊரு அது, அங்க இதைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க. பீசு செத்துக் கெடந்தத பாத்துட்டேன். ஒன்னாவது பொழைக்கட்டும்."

இவர் நல்ல மனிதர். சரி என்றார். மொறம் ரயிலில் கார்டு பெட்டியிலும் கப்பலில் அடித்தளத்துக் கூண்டிலும் வந்தான். தினம் ஒரு தடவை போய்ப் பார்க்க விட்டார்கள். நான் வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து கூண்டுப் பக்கம் போய் உட்காருவேன். அவன் கம்பி வழியாகக் காதை வெளியே விட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பான்.

நைனா சொன்னது பாதி சரி. இங்கே அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இது முயல் வேட்டை ஊர். இந்த இனத்தை வேட்டைக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிடத்துக் கிழவர் ஒருநாள் இவனை வயலுக்குக் கூட்டிப்போனார். முயல் எதிரே ஓடியதாம், இவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். "அழகான நாய், ஆனால் எதற்கும் ஆகாது" என்று கொண்டுவந்து விட்டார். பிரெஞ்சில் என்ன சொன்னாலும் இவனுக்கு ஏறவில்லை. நான் "வா" என்று கூப்பிட்டால் ஓடிவருவான். ரொட்டிக் கடையில் நிற்கும் பெண்கள் அதைப் பார்த்து, நான் போகச் சொல்லச் சொல்ல ஒட்டிக்கொண்டு வரும் பிடிவாதக்கார நாய் என்று பேசிக்கொண்டார்கள்.

என் பிரெஞ்சும் அவனுடையதைவிட ரொம்ப மேலில்லை. ஒருமுறை அவனுக்கு முடி கொட்டியது. நாய் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முடிக்கும் குதிரைக்கும் அந்தப் பாஷையில் உதடு கொஞ்சம்தான் மாறும். "டாக்டர், என் நாயிடமிருந்து குதிரைகள் விழுகின்றன" என்று சொல்லியிருக்கிறேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்காமல் திருத்திச் சொல்லிக்கொடுத்தார். அவர் சிரித்திருந்தாலும் தேவலை என்றிருந்தது.

போல் பிறந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் டீச்சர் எங்களை வரச் சொன்னாள். பிள்ளை வாய் திறப்பதில்லை, வீட்டில் இரண்டு பாஷை பேசுவதால் குழம்புகிறான், இனிமேல் பிரெஞ்சு மட்டும் பேசுங்கள் என்றாள். இவர் பட்டாளத்துக்காரர். மேலதிகாரி சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார். "அவன் இங்கதான் வாழப்போறான் ரோசலி. நம்மளால அவன் கெட்டுப்போகக் கூடாது" என்றார். அன்றிலிருந்து மகனிடம் என் ஓட்டைப் பிரெஞ்சில் பேசினேன். அவன் காதுபட இவரும் என்னிடம் பிரெஞ்சுதான் பேசினார். குளி, சாப்பிடு, செருப்பைப் போடு, இவ்வளவுதான் எனக்குப் பேச வரும். தாலாட்டவும் கொஞ்சவும் கோபத்தில் திட்டவும் அந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை கிடையாது. அதையெல்லாம் மொறத்திடம் பேசித் தீர்த்துக்கொண்டேன். சமைக்கும்போது அவன் காலடியில் கிடப்பான். செஞ்சியில் இப்போது சீத்தாப்பழக் காலம் என்பேன், ரெஜினாவைத் தொண்டூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம் என்பேன். அவன் பெருமூச்சு விடுவான்.

6

போன வருஷம் தந்தி வந்தது. நைனாவுக்கு வயிற்றில் கட்டி, உடனே வரவும். மின்னு அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள்.

கல்யாணத்தோடு நான் பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டேன், காகிதத்தில். ஆகவே என் சொந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் செஞ்சி, ஆங்கிலேய இந்தியா என்று எழுதியிருந்தார்கள். விசா கொடுக்கிற இடத்தில், அப்படி ஒரு நாடு இல்லை, திருத்திக்கொண்டு வா என்றார்கள். திருத்தும் இடத்தில், நீ பிறந்தபோது அந்த நாடு இருந்ததே, எதைத் திருத்துவது என்றார்கள்.

"என் அப்பா சாகக் கிடக்கிறார் அம்மா" என்று அந்த ஜன்னலில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"வருந்துகிறேன். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி இருக்கிறதா?"

எனக்கு ஞானஸ்நானச் சீட்டுதான் உண்டு. அதை ஊரிலிருந்து வரவழைத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி அந்த ஜன்னலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இரண்டாவது தந்தி வந்தது. அடக்கம் முடிந்துவிட்டது. நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மொறம் என் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த போலிடம் தாத்தா இறந்துவிட்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன். எந்தத் தாத்தா என்று கேட்டான்.

அம்மா தொண்டூருக்கு, ரெஜினா வீட்டுக்குப் போய்விட்டாள். செஞ்சி வீடு பூட்டிக் கிடக்கிறது.

7

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை மொறம் எழுந்திருக்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றினான், பின்பக்கம் வரவில்லை. என் முகத்தையே பார்த்தான். நீளமான முதுகுள்ள இந்த இனத்துக்கு வரும் கேடுதான், முதுகெலும்பில் நரம்பு நசுங்கிவிட்டது, இனி நடக்கமாட்டான் என்றார் டாக்டர்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்கிப்பிடித்து, முன்னங்காலால் அவனை நடக்கவைத்து, படி இறக்கி ஏற்றினேன். மாட்டுக் கன்று கனம். துடைத்தேன், புரட்டிப் போட்டேன், மருந்து தடவினேன். ஆனாலும் படுக்கைப் புண் வந்துவிட்டது. சாப்பாட்டை மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இவர் முகாமிலிருந்து வந்ததும் எனக்குப் பதிலாக அவனைத் தூக்குவார். ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விட்டுடலாம் ரோசலி. அது படற பாடு போதும்."

"நைனா நம்பிக் குடுத்தது."

"அதனாலதான் சொல்றேன். மாமா இருந்தாலும் இதத்தான் சொல்வாரு."

"நைனா சொல்ல மாட்டாரு" என்றேன். ஆனால் நைனா என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் குரலே மறந்துகொண்டு வருகிறது.

மறுநாள் கொண்டுபோனோம். ஊசியை எடுத்துக்கொண்டு, "ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், பயப்படமாட்டான்" என்றார் டாக்டர். நான் காதைத் தடவிக்கொண்டே, "ஒன்னுமில்லடா, தூங்கு, நான் இங்கதான் இருக்கறன்" என்றேன். அவன் வால் ஒரு தடவை அசைந்ததாக இவர் பிறகு சொன்னார். பின்பக்கம் செத்துப்போன நாய்க்கு வால் எப்படி அசையும்? எனக்கு ஆறுதலுக்குச் சொன்னார்.

புதைக்க எங்களுக்கு மண் கிடையாது. மாடி வீட்டுக்காரர்களுக்கு ஏது கொல்லை? அதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்தோம்.

8

அதற்குப் பிறகு இந்த ஒரு மாதத்தில் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரொட்டிக் கடையில் வணக்கம், நன்றி. மகனிடம் குளி, சாப்பிடு. இவர் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டார், வர இன்னும் நாளாகும். ஆற்றங்கரைக்கு நான் போவதில்லை. நாயில்லாமல் அங்கே நடப்பவர்களை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நேற்று சாயந்திரம் போல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். வெளியே மழை. தலை நனைந்திருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு போய், யோசிக்காமல், "வாடா கண்ணு, நனைஞ்சிட்டியா, பசிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் பையைக் கீழே வைத்தான். மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். அடுப்புப் பக்கம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் விஷயத்தை எடுத்துச் சொல்வதுபோல, பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, மொறம் செத்துப்போய்விட்டான். இனிமேல் நீ நாய் பாஷை பேசவேண்டாம்."

நான் துண்டோடு நின்றேன். இது உன் தாத்தாவின் பாஷை, நீ என் வயிற்றிலிருந்தபோது கேட்ட பாஷை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"சரி" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அவன் தலையைத் துவட்டினேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.